வான்கூத்தும் வரம்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



சீவகசிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கின்றான். செய்வித்ததோடு அமையாது, அதனை இயக்கவும் அவளைப் பயிற்றுவிக்கின்றான். வலப்புறம் திருகினால் அது மேலெழும். இடப்புறம் திருகினால் இறங்கும். பகைவனின் வெற்றிமுரசு கேட்டு விசயை மயங்கியபோது, அப்பொறி தானே தாழ்ந்து சுடுகாட்டில் அவளை இறக்கிவிடுகின்றது. பொறியின் இயல்பு, செலுத்துபவரின் பயிற்சி, அவருடைய உடல்நிலை என்னும் மூன்றும் இக்காட்சியில் அடங்கியுள்ளன. இன்றைய விமானமோ மயங்கியவரிடம் அத்துணை இரக்கம் காட்டுவதில்லை. ஆகவேதான் விதிகள் தேவைப்பட்டன.

விமான சாகசத்தின் வரலாறு ஒரு தண்டனையோடு தொடங்குகின்றது. 1913 செப்டம்பர் 9 அன்று கீவ் நகரில் ருஷ்யப் படைவீரர் பியோத்தர் நெஸ்தெரோவ் தம் விமானத்தை வானில் செங்குத்து வட்டமாகச் சுழற்றிக் காட்டினார். அரசின் உடைமையை ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்று அவருக்குப் பத்து நாள் காவல் விதிக்கப்பட்டது. அதே மாதம் பிரான்சில் அடோல்ஃப் பெகூ அவ்வட்டத்தை நிகழ்த்திப் புகழ்பெற்ற பின்னரே நெஸ்தெரோவின் தண்டனை நீங்கியது. பதவி உயர்வும் கிட்டியது. அம்முதல் தண்டனை கருதியது பொருளின் விலையையே. உயிரின் விலையை அன்று. உயிரைக் கருதும் விதிகள், பல உயிர்கள் போன பின்னரே உருப்பெற்றன.

இவ்விதிகளைத் தெளிவாகக் காண்பதற்கு அமெரிக்க விமான விதித்தொகுப்பின் 91ஆம் பகுதி ஏற்றதொரு சான்று. இயல்பான பறத்தலுக்குத் தேவைப்படாத திடீர்த் திருப்பம், இயல்புக்கு மாறான நிலை, இயல்புக்கு மாறான வேகமாற்றம் ஆகியவற்றை வேண்டுமென்றே மேற்கொள்வதே சாகசப் பறத்தல் என அது வரையறுக்கின்றது. 'வேண்டுமென்றே' என்னும் சொல் இங்கே கருதத்தக்கது. காற்றின் சீற்றத்தால் சாயும் விமானம் குற்றமுடையது ஆகாது. கருத்தோடு கவிழ்க்கப்படும் விமானமே விதிக்கு உட்படுவது.

முதலில் பொறியின் வரம்பு. தரைக்கு இணையாக ஒரே உயரத்தில், 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தில் எடை இருமடங்காகின்றது. 60 கிலோ எடையுள்ளவர் 120 கிலோ எடையுள்ளவரைப் போல இருக்கையை அழுத்துகின்றார். பயிற்சிப் பள்ளிகளில் பெரிதும் வழங்கும் செஸ்னா 172 போன்ற சாதாரண வகைச் சிறுவிமானம், தன் எடையைப்போல் 3.8 மடங்குச் சுமைக்கே உறுதி பெற்றது. சாகச வகையாகச் சான்றளிக்கப்பட்டது, மேல்நோக்கி 6 மடங்கும் கீழ்நோக்கி 3 மடங்கும் தாங்கவேண்டும். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கலாம். ஒன்று செய்வதை மற்றொன்று செய்யப் புகுந்தால் இறக்கை முறியும். எடை பன்மடங்காகும்போது குருதி தலையை விட்டு இறங்கும், பார்வை மங்கும், அறிவும் மயங்கும். விசயைக்குத் துயரத்தால் நேர்ந்தது, விமானிக்கு விசையால் நேர்கின்றது.

அடுத்து இடத்தின் வரம்பு. நெருங்கிய குடியிருப்புகளின் மேலும், திறந்தவெளியில் கூடிய மக்களின் மேலும் சாகசம் கூடாது. தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழும் கூடாது. மூன்று மைல் தொலைவாவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும். உயரம் என்பது விமானிக்குக் காலம். சுழன்று வீழும் சிறுவிமானம் ஒவ்வொரு சுற்றிலும் சில நூறு அடிகளை இழக்கின்றது. பிழையை உணரவும் திருத்தவும் தேவையான நொடிகளையே அந்த 1,500 அடி தருகின்றது. விமானக்குழுவினர் அல்லாத ஒருவரை ஏற்றிச் சாகசம் புரிந்தால், உள்ளே இருப்போர் அனைவரும் பாராசூட் அணியவேண்டும். அது செயற்கை இழையால் ஆனதாயின் 180 நாள்களுக்குள்ளும், பட்டு முதலான இயற்கை இழை கலந்ததாயின் 60 நாள்களுக்குள்ளும் தகுதியுடையவரால் மடித்துக் கட்டப்பட்டிருத்தல் வேண்டும். விதியின் நுண்மை இத்தகையது.

இந்நுண்மை மிகையோ என ஐயுறுவோர், கொலராடோ மாநிலத்தின் பிளாக்லர் என்னும் சிற்றூரை நினைக்கவேண்டும். 1951 செப்டம்பர் 15 அன்று அங்கு நிகழ்ந்த விமானக் காட்சியில், தாழப் பறந்து சாகசம் புரிந்த விமானம் கூட்டத்தின்மேல் வீழ்ந்தது. மாண்டோர் இருபதின்மர், அவருள் பதின்மூவர் குழந்தைகள். 1980 ஜூன் 23 அன்று புதுதில்லி சப்தர்ஜங் விமான நிலையத்தின் அருகே, சாகசத்திற்கென்றே உருவாக்கப்பட்ட பிட்ஸ் எஸ்-2ஏ விமானம் வீழ்ந்து சஞ்சய் காந்தியும் உடன் பறந்த விமானியும் உயிரிழந்ததை இந்நாடு மறக்கவில்லை. சாகசத்திற்கு ஏற்ற விமானமாயினும், தரை அண்மையில் இருந்தால் பொறியின் வலிமை உதவுவதில்லை.

தன் உயிரைப் பணயம் வைப்பது ஒருவரின் துணிவு எனப்படலாம். கீழே அண்ணாந்து நிற்கும் குழந்தையின் உயிரைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமை இல்லை. இவ்விதிகளின் உயிர்நிலை இதுவே. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதல் அறிவுடைமை என்னும் வள்ளுவர் கருத்தும் இதனோடு ஒத்துச் செல்வதே.

ஆயினும் விதி கலையைக் கொன்றுவிடவில்லை. தாழப் பறந்து காட்ட விரும்புவோர் தம் திறனை மெய்ப்பித்து, 800 அடி, 500 அடி, 250 அடி எனப் படிப்படியாக இறங்கிவர இசைவு பெறுகின்றனர். போட்டிகளிலோ பக்கத்திற்கு 1,000 மீட்டர் கொண்ட கற்பனைப் பெட்டி ஒன்று வானில் வரையப்படுகின்றது. அதனுள்ளேதான் ஆடவேண்டும், எல்லை கடந்தால் மதிப்பெண் குறையும். ஸ்பெயின் நாட்டு விமானி ஹோஸே லூயிஸ் அரெஸ்டி வகுத்த குறியீடுகளால் ஒவ்வோர் அசைவும் முன்னரே எழுதப்படுகின்றது. சீரும் தளையும் அறிந்து பாடும் புலவருக்கு இது புதிதன்று. வெண்பாவின் கட்டுப்பாடு புலவரை முடக்கவில்லை. அவர் ஆற்றலை வெளிப்படுத்தியது. வேறுபாடு ஒன்றே. யாப்புப் பிழைத்தால் பாட்டுக் கெடும். வானில் வரம்பு பிழைத்தால் பாடியவரோடு கேட்டவரும் மடிவர்.

வரம்பை அறிந்து ஆடுவதே கூத்து.