எண்ணெய் வித்திலிருந்து அச்சுத் தொட்டிவரை



கனடாவில், டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்து வேதியியல் பேராசிரியர் ஆண்ட்ரே சிம்சன், பொரித்துத் தீர்ந்த சமையல் எண்ணெய் கேட்டுத் துரித உணவுக் கடைகளை அணுகினார். இசைந்தது ஒரு மெக்டொனால்ட்ஸ் கிளை மட்டுமே. அங்கே கிடைத்த 10 லிட்டர் எண்ணெயைக் கொண்டு அவருடைய குழு, ஒரே வேதிவினையில், முப்பரிமாண அச்சுக்கான, ஒளியில் இறுகும் ரெசினை உருவாக்கிக் காட்டியது. அதில் அச்சிட்ட பட்டாம்பூச்சியில் 100 மைக்ரோமீட்டர் அளவு நுணுக்கமும் தெளிவாக விழுந்தது. மண்ணில் புதைத்தபோது இரண்டு வாரத்தில் எடை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. நுண்ணுயிரிகள் அதைத் தின்னத் தொடங்கியிருந்தன.

ஒளியால் அச்சிடும் முறை புதிதன்று. அமெரிக்கரான சக் ஹல் 1984இல் விண்ணப்பித்து, 1986இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தொட்டியிலுள்ள திரவத்தில் ஒளி பட்ட இடம் மட்டும் இறுகும். படலத்தின் மேல் படலமாக உருவம் எழும். இன்றைய மேசைப் பிரிண்டர்கள் பலவும் 405 நானோமீட்டர் அலைநீள ஒளியில் இதையே செய்கின்றன. பல் மருத்துவரின் தாடை மாதிரியும் நகைப் பட்டறையின் வார்ப்பு மாதிரியும் இப்படிப் பிறக்கின்றன. தொட்டியில் இருப்பதோ பெரும்பாலும் பெட்ரோலியம் தந்த அக்ரிலேட்.

அந்த இடத்துக்குச் சோயா எண்ணெய் வந்த வழி கவனிக்கத்தக்கது. சோயாவின் கொழுப்பு அமிலச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஆனால் அவை சங்கிலியின் நடுவே இருப்பதால் பிரிண்டர் கேட்கும் வேகத்தில் இறுகமாட்டா. ஆகவே ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு அவற்றை எபாக்சைடு வளையங்களாக்கி, பின்பு அக்ரிலிக் அமிலத்தால் அந்த வளையங்களைத் திறக்கிறார்கள். ஒளி பட்டதும் ஒன்றோடொன்று பிணையும் தொகுதிகள் இப்படித்தான் எண்ணெயில் ஏறுகின்றன. நீண்ட கொழுப்புச் சங்கிலியும் இங்கே வெறும் சுமையன்று. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2016இல் இந்தப் பொருளில் அச்சிட்ட வடிவங்கள், −18 டிகிரி செல்சியஸில் வளைத்த நிலையில் நின்றன. 37 டிகிரியில், அதாவது மனித உடலின் வெப்பத்தில், தம் பழைய உருவுக்குத் திரும்பின. ஸ்டெம் செல்களும் அவற்றின் மேல் வளர்ந்தன. மருத்துவம் காத்திருந்த பண்பு இது.

ஆனால் கணக்கைக் கறாராகப் பார்த்தாக வேண்டும். அக்ரிலிக் அமிலம் இன்றும் பெரும்பாலும் பெட்ரோலியத்தின் புரோப்பிலீனிலிருந்தே வருகிறது. சோயா அக்ரிலேட் தேனைவிடக் கெட்டி. அது தொட்டியில் ஓட வேண்டுமானால் நீர்த்த மோனோமர் ஒன்றைக் கலக்க வேண்டும். அதுவும் பலவேளை பெட்ரோலியச் சரக்குதான். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கட்டுரை, தங்கள் ரெசின்களின் உயிர்மூலப் பங்கு 34 முதல் 67 விழுக்காடு என்று வெளிப்படையாகவே சொன்னது. அந்த நேர்மை நமக்கும் வேண்டும்.

தாவரத்திலிருந்து வந்ததாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைக் கேட்டால் தெரியும்: ஓட்டெண்ணெய் பட்ட விரல் புண்ணாகும், தோல் உரியும். அந்த எண்ணெயைச் சூடாக்கிப் பிரித்தால் கிடைக்கும் கார்டனால், இப்போது ஒளியில் இறுகும் ரெசினுக்காக ஆராயப்படுகிறது. உணவோடு போட்டியிடாத கழிவு அது. நம் ஆய்வகங்கள் அதற்கே முன்னுரிமை தர வேண்டும். வேலை எளிதன்று. கார்டனால் ஒரு பீனால். பீனால் தொகுதி இறுகும் வினையையே தடுக்கக்கூடியது என்பதால் முதலில் அதை மாற்ற வேண்டும். கரும்பழுப்பு நிறமோ ஒளியை விழுங்கும். எல்லாம் சரிசெய்து அக்ரிலேட்டாக்கிய பிறகும், இறுகாத திரவம் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். இறுகும் வினையைத் தொடங்கிவைக்கும் ஒளித்தூண்டிகளுள் பரவலாகப் பயன்படும் டிபிஓவை, இனப்பெருக்கத்துக்குக் கேடானது என ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தி, 2025 செப்டம்பர் முதல் நகப்பூச்சுகளில் தடைசெய்திருக்கிறது. எண்ணெய் சோயாவிலிருந்து வந்தாலும் தூண்டி அதுவாக இருக்கலாம்.

அச்சிட்ட பொருள் உடைந்தால் என்ன ஆகும்? அக்ரிலேட் வலை உருகாது, குப்பைக்குத்தான் போகும். இந்தச் சிக்கலில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ டோவ் குழு 2024இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட வேலை பெரிய திருப்பம். அவர்கள் மூலப்பொருளாக எடுத்த லிப்போயிக் அமிலத்தின் வளையத்திலுள்ள கந்தகப் பிணைப்பு ஒளியில் திறந்து சங்கிலியாகும். தக்க வினையில் மீண்டும் மோனோமராகப் பிரியும். அதே சரக்கைக் கொண்டு மறுபடியும் அச்சிட முடிந்தது. இந்தத் துறையில் இதுவரை வந்தவற்றுள் மிக நம்பிக்கை தருவது இதுவே.

இந்தக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் இந்த அவை சில விவரங்களைக் கேட்கும். உங்கள் ரெசினில் உயிர்மூலக் கார்பன் எத்தனை விழுக்காடு? பெட்ரோலியக் கார்பனில் கார்பன்-14 இல்லாததால் அந்த விழுக்காட்டை அளந்தே சொல்லிவிடலாம். அச்சுப் பொருளைக் கழுவிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எங்கே போனது? பயன் முடிந்த பொருளைப் பிரிக்க என்ன வழி? விடை கைவசம் இல்லாதவர்களும் தயங்காமல் வாசிக்கலாம். தொகுப்பு நூல் அச்சுக்குப் போகுமுன் அந்த விவரங்களைச் சேர்த்துத் தர வேண்டும்.