ரீச்சர் கிறம்பிள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் எமது வகுப்பின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எமது வகுப்பிலிருந்து ஏதாவது பேச வேண்டும் என்று விழாக்குழு கேட்டபோது, எதைப் பேசுவது என்று ஒருவரையொருவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டோம். கரவெட்டியில் இருப்பவர்கள், லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று போனவர்கள், எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அந்த மாம்பழக் கிறம்பிளைச் சொல்லுங்கோ." ஆகவே நூறு வருடம் கண்ட பாடசாலையின் மேடையில் ஒரு சமையல் குறிப்பைச் சொல்ல வந்திருக்கிறோம். பொறுத்தருள வேண்டும்.

1991ஆம் ஆண்டு ஆனி மாதம். நாங்கள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். பொருளாதாரத் தடை வந்து ஒரு வருடம். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. இரவில் படிப்பது ஜாம் போத்தல் விளக்கில். தேநீருக்குச் சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக் குடித்த காலம். அப்படி ஒரு நாளில் எமது மனையியல் ரீச்சர் பழைய ஆங்கிலச் சமையற் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, "இண்டைக்கு அப்பிள் கிறம்பிள் செய்வம்" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். அப்பிள் இல்லை, பட்டர் இல்லை, போறணை இல்லை.

ரீச்சர் சிரிக்கவில்லை. அந்தப் பலகாரத்தின் கதையைச் சொன்னார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940ஆம் ஆண்டு தை 8ஆம் திகதி, இங்கிலாந்தில் பட்டருக்கும் சீனிக்கும் பங்கீடு தொடங்கியது. ஒருவருக்கு ஒரு கிழமைக்கு இரண்டு அவுன்ஸ் பட்டர் கிடைத்த காலமும் இருந்தது. பழப் பைக்கு மாவை உருட்டித் தட்ட நிறையக் கொழுப்பு வேண்டும். அதனால் இருக்கிற மாவையும் இருக்கிற கொழுப்பையும் விரல் நுனியால் உதிர்த்து, பழத்தின்மேல் தூவி வேகவைத்தார்கள். போர் தந்த தட்டுப்பாட்டில்தான் இது வீட்டுக்கு வீடு பரவியது என்று ரீச்சர் சொன்னார். "அவையள் ஜேர்மன்காரன் குண்டு போடேக்க செய்தவை. நாங்கள் செய்தால் என்ன?" என்று கேட்டார். அப்போது வானத்தில் பொம்பர் வராத நாள் குறைவு. ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வகுப்பில் ஒருத்தி தன் வீட்டு மரத்துக் கறுத்தக்கொழும்பான் பன்னிரண்டு கொண்டுவந்தாள். ரீச்சர் ஒரு சுண்டு கோதுமைமா வைத்திருந்தார். பட்டருக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் ஊற்றினோம். ஆனி மாத வெக்கையில் அது தண்ணீராக ஓடியது. கொஞ்சம் காணாது என்று இன்னும் ஊற்றி, மாப் பிடிக்கவில்லை என்று தண்ணீரும் தெளித்துப் பிசைந்தோம். உதிர வேண்டிய மா ரொட்டிக்குக் குழைத்த மாப்போல் உருண்டு வந்தது. எங்களுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஒரு சுண்டு மா ரீச்சருடைய வீட்டுக்கு உரியது என்பது எங்களுக்குத் தெரியும்.

ரீச்சர் ஏசவில்லை. "அது ரொட்டியாகட்டும், எறியக் கூடாது" என்று அந்த உருண்டையை ஒரு பக்கம் வைத்தார். பிறகு கேட்டார்: "பிள்ளையள், வீட்டில புட்டுக்கு மாக் குழைக்கிறனீங்கள்தானே? கட்டி பட்டால் என்ன செய்வியள்?"

"பேணியால கொத்துவம், ரீச்சர்."

"பிறகேன் இதைப் பிசைஞ்சனீங்கள்? உதிர்க்கிற கை உங்களிட்டை இருக்குது. புத்தகத்தைப் பார்த்தவுடனை அதை மறந்துபோனியள்."

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இன்று இந்தக் கதையைச் சொல்கிறோம்.

இரண்டாம் முறை வறுத்த அரிசிமாவை எடுத்தோம். பட்டருக்குப் பதிலாகத் தேங்காய்ப்பூ. ஒரு குட்டான் பனங்கட்டியைத் தூளாக்கிப் போட்டோம். எண்ணெய் இரண்டே கரண்டி. விரல் நுனியால் மட்டும் உதிர்த்து, கட்டிகளைப் பேணி விளிம்பால் கொத்தினோம். செங்காய்ப் பருவத்து மாம்பழத்தைத் துண்டாக்கித் தட்டில் பரப்பி, மேலே மாவைத் தூவினோம். அமர்த்தவில்லை. பெரிய அலுமினியச் சட்டிக்குள் மணல் பரப்பி, ஒரு சிறு மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் தட்டை வைத்தோம். கீழே கொஞ்சத் தணல், சட்டி மூடியின்மேல் நிறையச் சிரட்டைத் தணல். ஆவி போக மூடியைச் சற்று நீக்கி வைத்தோம். முக்கால் மணித்தியாலத்தில் மாம்பழச் சாறு ஓரத்தில் கொதித்துக் குமிழியிட, மேல்மா பொன்னிறமாக மொறுமொறுத்திருந்தது. பதினேழு பேருக்கும் ஆளுக்கு இரண்டு கரண்டி கிடைத்தது. முதல் மா ரொட்டியாகி எங்கள் மதிய உணவானது.

ஏன் முதலாவது பிழைத்தது, இரண்டாவது சரிவந்தது என்பது பின்னர் படித்தபோது விளங்கியது. கோதுமைமாவில் தண்ணீர் பட்டுப் பிசைந்தால் குளூட்டன் என்ற பசைப் புரதம் இழுபட்டு மா இறுகிவிடும். கொழுப்பு முதலில் மாவைப் போர்த்தினால் அந்தப் பசை பிடிக்காது. அதனால்தான் பட்டர் குளிர்ந்து கெட்டியாக இருக்க வேண்டும், கை சூடாகும்வரை பிசையக் கூடாது. அரிசிமாவில் குளூட்டனே இல்லை. எவ்வளவு உதிர்த்தாலும் இறுகாது. மேலே தணல் வைத்ததன் காரணமும் இதுபோலவே. கீழ் நெருப்பு மட்டும் என்றால் பழத்தின் ஆவியில் மா அவிந்து, நனைந்த புட்டாகிவிடும். மேலிருந்து உலர்ந்த சூடு பட்டால்தான் மொறுமொறுப்பு.

இப்போது வீட்டில் போறணை உள்ளவர்களுக்கு எமது கணக்கு. ஆறு பேருக்குக் காணும்.

தோலும் விதையும் நீக்கிய செங்காய் மாம்பழம் 800 கிராம். அதில் சீனி 2 மேசைக்கரண்டி, தேசிக்காய்ப்புளி 1 மேசைக்கரண்டி, சோளமா 1 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை ஏலப்பொடி சேர்த்துப் பிரட்டித் தட்டில் பரப்புங்கள். நன்றாகப் பழுத்த மாம்பழம் கூடாது, சாறு கூடி மேல்மாவை நனைத்துவிடும்.

மேலே தூவ: கோதுமைமா 100 கிராம், வறுத்த அரிசிமா 75 கிராம், குளிர்ந்த பட்டர் 100 கிராம், தூளாக்கிய பனங்கட்டி 75 கிராம், உலர்ந்த தேங்காய்ப்பூ 40 கிராம், சிட்டிகை உப்பு. பட்டரைச் சிறு துண்டாக்கி மாவில் விரல் நுனியால் உதிர்த்து, பிறகு மற்றவற்றைச் சேருங்கள். சில கட்டிகள் கடலையளவில் இருப்பது நல்லது. போறணையை முன்கூட்டியே 190 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, 35 முதல் 40 நிமிடம் வேகவிடுங்கள். விசிறி உள்ள போறணைக்கு 170 பாகை காணும். ஓரத்தில் சாறு குமிழியிடுவதைக் கண்டபிறகே இறக்க வேண்டும், அப்போதுதான் சோளமா வெந்து சாறு தடிக்கும். இறக்கி 15 நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள்.

மாம்பழம் இல்லாத ஊரில் இருக்கும் தங்கைமாருக்கு: லண்டனில் பிறம்லி அப்பிள் நல்லது, புளிப்புக் கூட என்பதால் சீனி கொஞ்சம் கூட்டுங்கள். அவுஸ்திரேலியாவில் கிறானி சிமித் அப்பிள். ருபார்ப் போடுபவர்கள் தண்டை மட்டும் எடுங்கள், அதன் இலை நஞ்சு.

அந்த இரண்டு அப்பிளுக்கும் ஒரு கதை உண்டு. பிறம்லி மரத்தை 1809ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சவுத்வெல் ஊரில் விதை போட்டு முளைக்க வைத்தவள் மேரி ஆன் பிறெயில்ஸ்போட் என்ற இளம்பெண். ஆனால் பழத்துக்கு வைக்கப்பட்டது பின்னர் அந்த வீட்டை வாங்கிய இறைச்சிக்கடைக்காரர் பிறம்லியின் பெயர். சிட்னிக்கு அருகே 1868ஆம் ஆண்டளவில் மரியா ஆன் சிமித் என்ற மூதாட்டியின் தோட்டத்தில் முளைத்த அப்பிளுக்கோ அவருடைய பெயரே நிலைத்தது. விதைத்தவள் பெயர் நிற்பதும் மறைவதும் பிறகு வருகிறவர்கள் கையில் இருக்கிறது.

தட்டுப்பாட்டைப் புகழ நாங்கள் வரவில்லை. பசியோடு காலைப் பிரார்த்தனைக்கு நின்றவர்கள் நாங்கள். அந்த நாட்கள் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. பன்னிரண்டு மாம்பழம் கொண்டுவந்தவள் இன்று இந்த மண்டபத்தில் இல்லை. இடம்பெயர்ந்து போனபின் அவள் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. இந்த மலர் எங்கோ ஒரு மூலையில் அவள் கையில் கிடைத்தால், எங்களுக்கு ஒரு சொல் எழுத வேண்டும் என்பதும் இந்த உரையின் நோக்கம்.

ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். தன் பெயரைச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொல்லவில்லை, ரீச்சர். ஆனால் எங்கள் வீடுகளில் பிள்ளைகள் இதை அப்பிள் கிறம்பிள் என்றோ மாம்பழக் கிறம்பிள் என்றோ சொல்வதில்லை. ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் அதற்கு "ரீச்சர் கிறம்பிள்" என்றுதான் பெயர். அதைத் தடுக்க உங்களால் முடியாது.

மண்டப வாசலில் இரண்டு தட்டுகள் வைத்திருக்கிறோம். இன்று காலை கரவெட்டி மாம்பழத்தில், சட்டியில், சிரட்டைத் தணலில் செய்தது. ஆளுக்கு இரண்டு கரண்டிதான் வரும். எல்லோருக்கும் கிடைக்கும்படி எடுங்கள்.