சிறுநீர்ப்பையும் சிற்றுயிர்களும்

ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஹெப்பகோடியிலும் அதனை அடுத்த பொம்மசந்திரத்திலும் தொழிற்சாலைகள் மிகுதி. பிழைப்பு நாடி வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அங்கே உழைத்து வாழ்கின்றனர். அவர்களுள் ஒருத்திக்கு அடிவயிற்றில் ஓயாத வலி என்று வைத்துக்கொள்வோம். சிறுநீர் தேங்கத் தேங்க வலி மிகுகிறது. கழித்தபின் சற்றே தணிகிறது. வேலைக்கு நடுவே அடிக்கடி எழுந்து செல்ல நாணி, அவள் தண்ணீர் அருந்துவதையே குறைத்துவிடுகிறாள். சோதனைச்சாலை அறிக்கையோ, ‘கிருமி வளரவில்லை’ என்கிறது. ‘நோய் ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை’ என்று வீட்டார் முடிவு கட்டுகின்றனர். இம்முடிவு சரிதானா என்பதை ஆராய்வோம்.

நலமுள்ளவரின் சிறுநீரில் கிருமியே இராது என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. வழக்கமான சோதனையில் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு சிறுநீரைத் தட்டில் தடவி, ஒரு நாள் இளஞ்சூட்டில் வைத்துப் பார்ப்பர். விரைந்து வளரும் கிருமிகளே இதில் தென்படும். சிகாகோ நகரை அடுத்த லயோலா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் அதைப்போல் நூறு மடங்கு சிறுநீரை எடுத்து, வெவ்வேறு காற்றுநிலைகளில், இரண்டு நாள் வைத்துப் பார்த்தனர். 2014-இல் வெளியான அவ்வாய்வில், குழாய் செலுத்திச் சிறுநீர்ப்பையிலிருந்தே எடுத்த 65 மாதிரிகளுள் 52-இல் நுண்ணுயிர்கள் வளர்ந்தன. அந்த 52-இல் 48, பழைய முறையில் ‘வளர்ச்சியில்லை’ என்று அறிவிக்கப்பட்டவை! தயிரில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உறவான லாக்டோபாசில்லஸ் இனமும் அவற்றுள் இருந்தது.

அங்ஙனமாயின், வலிக்குக் காரணம் இவையேயோ? அவசரப்படலாகாது. வலியுள்ள பெண்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இன்ன நுண்ணுயிர்தான் காரணம் என்று இன்னும் உறுதிப்படவில்லை. ஆகவே, தொற்று இல்லாதபோது கிருமிக்கொல்லி மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி மீண்டும் மீண்டும் விழுங்குவது தவறு. உடலுக்கு நலம் செய்யும் நுண்ணுயிர்களும் அதனால் அழியக்கூடும்.

ஆனால் வலி மெய்யே. 1915-இல் பால்டிமோர் நகர மருத்துவர் கை ஹன்னர், இந்நோயாளர் சிலரின் சிறுநீர்ப்பை உட்சுவரில் தோன்றும் ஒருவகைப் புண்ணை விவரித்தார். பெரும்பாலோர்க்கு அத்தகைய புண் காணப்படுவதில்லை. எனினும் வலி உண்டு. தொற்று முதலிய வேறு காரணம் புலப்படாமல் ஆறு வாரங்களுக்கு மேல் நீடிப்பின், அதனைச் ‘சிறுநீர்ப்பை வலி நோய்’ என்பர். உணவு மாற்றம், சிறுநீர்ப்பைப் பயிற்சி, இடுப்புத் தசைகளுக்கான சிகிச்சை, தக்க மருந்து ஆகியவற்றால் பலருக்கு இது தணிகிறது.

வேற்று மொழி வழங்கும் ஊரில் நோயை எடுத்துரைப்பது எப்படி என்ற தயக்கம் வேண்டா. நம் ‘நோவு’ என்னும் சொல் கன்னடத்திலும் அப்பொருளிலேயே வழங்குகிறது. எரிச்சலை அவர்கள் ‘உரி’ என்பர். எப்போது சிறுநீர் கழித்தோம், எவ்வளவு, வலி எப்போது மிகுந்தது, அன்று உண்டது என்ன என்று மூன்று நாள் குறித்து எடுத்துச் செல்வது மருத்துவருக்கு மிக உதவும். தண்ணீரை அறவே குறைத்தால் சிறுநீர் செறிந்து எரிச்சல் மிகலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்புற வலி, சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

‘வளரவில்லை’ என்னும் அறிக்கையோடு நம் வீட்டுப் பெண் திரும்பி வந்தால், ‘வலி எப்படி இருக்கிறது?’ என்று முதலில் கேட்போம். மறுமுறை மருத்துவரிடம் செல்லும்போது நாமும் உடன் செல்வோம்.