ஆபத்து வருமுன் அணி திரள்வோம்

(கிராம மருத்துவத் தொண்டரணி அமைப்பது பற்றி ஆற்றப்பெற்ற உரை)



புயலும் வெள்ளமும் நமக்குப் புதியன அல்ல. 1964 டிசம்பரில் வீசிய புயல் மன்னாரையும் யாழ்ப்பாணக் கரையோரத்தையும் அலைக்கழித்தது. 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி 900க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோரை வாரிச் சென்றது. 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலினால் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மலையகத்தில் மண்சரிவு குடியிருப்புகளையே புதைத்தது.

இவ்வழிவுகள் யாவும் ஓர் உண்மையைப் புகட்டுகின்றன. பாதை அறுந்து, மின்சாரம் நின்று, தொலைபேசியும் ஊமையாகிவிட்ட முதல் நாளில் மனிதனைக் காப்பவன் அயலவனே. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி வரும். பாலம் உடைந்தபின் அது எவ்வழியால் வரும்? குருதி பெருகும் காயம் பாதை திறக்கும்வரை காத்திருக்குமோ?

"இது அரசாங்கத்தின் கடமையன்றோ?" எனச் சிலர் கேட்பர். ஆம், கடமையே. தமிழ் ஆட்சிமொழியென 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் கூறுகிறது. எச்சரிக்கை தமிழில் உரிய வேளையில் வரவேண்டும் என்பது சலுகையன்று, உயிர் காக்கும் உரிமை. அவ்வுரிமையைக் கேட்போம், கேட்டுக்கொண்டே நம் கடமையையும் செய்வோம். உரிமை கேட்கும் வாய்க்கு உழைக்கும் கை பகையன்று.

என்ன செய்வது? ஆபத்து வந்தபின் ஆயிரம் பேர் ஓடிவருவதிலும், அதற்கு முன்னரே பழகிய இருபது பேர் ஆயத்தமாயிருப்பது மேல். சுகாதார வைத்திய அதிகாரியின் வழிகாட்டலில் அவ்வணி இயங்கட்டும். வைத்தியரும் தாதியரும் முதலுதவி பயிற்றட்டும். மருந்தாளர் மருந்துப் பெட்டியின் காலாவதித் திகதிகளைக் கவனிக்கட்டும். இன்சுலின் ஏற்றுவோர், குருதிச் சுத்திகரிப்புப் பெறுவோர், நடக்கவியலாத முதியோர், நிறைமாதக் கர்ப்பிணிகள் ஆகியோர் எங்கெங்கே உளர் என்ற பதிவை ஆசிரியர்கள் எழுதட்டும். அப்பதிவு அணியின் கையைவிட்டு வெளியே போகலாகாது. நோயாளியின் இரகசியம் அவருக்கே உரியது.

விவசாயிக்கு இங்கே என்ன வேலை என எண்ணாதீர்கள். குளம் வான்பாய்ந்தால் எத்தெரு முதலில் மூழ்கும் என்பதை அறிந்தவர் நீங்களே. உங்கள் உழவு இயந்திரமே அன்றைய அம்புலன்ஸ் ஆகலாம். ஆயினும், 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு, இளம் உயிர்கள் பலியானதை மறவாதீர்கள். பாயும் நீரில் இறங்கலாகாது என்று தடுப்பதும் தொண்டே.

வெள்ளம் வடிந்தபின்னர் வருவது நோய். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. வயற்சேற்றிலே கால்வைப்போரையே அது பெரிதும் நாடும். காய்ச்சலோடு தசைநோவும், கண்சிவப்பும், சிறுநீர்க் குறைவும் கண்டால் ஒரு நாளும் தாமதியாது வைத்தியசாலை செல்லவேண்டும். வைத்திய அதிகாரி தடுப்பு மாத்திரை தந்தால் தவறாது உட்கொள்ளவேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, குளோரீன் இட்ட பின்னரே பயன்படுத்தவேண்டும், குடிநீரைக் கொதிக்கவைக்கவேண்டும். வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு ஜீவனி கரைத்துக் கொடுக்கவேண்டும். பாம்பு கடித்தால் கீறவும் வேண்டா, இறுகக் கட்டவும் வேண்டா. கடியுண்ட அங்கத்தை அசையாது வைத்து விரைந்து வைத்தியசாலை சேர்ப்பதே முறை.

இவற்றைக் கற்கப் பட்டம் வேண்டியதில்லை; மாதம் ஒரு பிற்பகல் போதும். சாதி, சமயம், கட்சி என்பவற்றை வாசலில் விட்டு வாருங்கள். முகாமிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே தாகத்தோடுதான் இருப்பர்.

மாரி தொடங்குமுன் ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் ஓரணி எழவேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் இக்கூட்டம் கலையுமுன்னரே கொடுத்துச் செல்லுங்கள். வானம் கறுத்தபின் ஏடு தேட நேரமிராது.