கவுஸ்தாத் மருத்துவமனையும் புலம்பெயர்ந்தோர் உளநலமும்
(ஒஸ்லோவில் பெற்றோர், இளையோர் முன்னிலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒஸ்லோவின் ரிக்ஸ் மருத்துவமனைக்குச் சென்ற தமிழர் பலர், அதன் அருகே மரங்களிடையே கோபுரத்துடன் நிற்கும் பழைய கட்டடங்களைக் கண்டிருப்பர். அதுவே கவுஸ்தாத். இலங்கையில் ஒருவரை ஏளனம் செய்ய 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயர் ஒன்றே போதுமாயிருந்தது. நோர்வேஜியரிடையே கவுஸ்தாத் என்ற பெயருக்கும் அதே கதி நேர்ந்தது. பெயரே வசையாகிவிட்ட இடத்துக்கு எந்தக் குடும்பம் பிள்ளையை அழைத்துச் செல்லும்?

தொடக்கத்தில் அது நம்பிக்கையின் சின்னமாகவே எழுந்தது. அதற்கு முன்னர் நோர்வேயில் உளநோயாளர் பலர் கொட்டில்களிலும் சிறையை ஒத்த அறைகளிலும் அடைபட்டுக் கிடந்தனர். ஹேர்மன் வேடெல் மயோர் என்ற மருத்துவரின் அயராத முயற்சியால் 1848இல் உளநோயாளருக்கான சட்டம் இயற்றப்பட்டது. நோயாளரைத் தடுத்துவைப்பதைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு ஆணைக்குழு முறை அச்சட்டத்தின் வழி வந்தது. இன்றும் அது நோர்வேயில் நடைமுறையில் உள்ளது. நாட்டின் முதலாவது அரச மனநல மருத்துவமனையாகக் கவுஸ்தாத் 1855இல் திறக்கப்பட்டது. மயோர் அதைக் காணவில்லை. 1854இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயரும் வழியில் கப்பல் விபத்தில் அவர் மாண்டார்.

இருபதாம் நூற்றாண்டில் அதே கவுஸ்தாதில் இருண்ட அத்தியாயம் ஒன்றும் எழுதப்பட்டது. 1941 முதல் அங்கு லொபோட்டமி எனப்படும் மூளை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. நாடு முழுவதும் ஏறத்தாழ 2,500 பேர் அதற்கு உள்ளாயினர். சிலர் உயிரிழந்தனர், பலர் வாழ்நாள் முழுதும் மந்தநிலையில் கழித்தனர். உயிருடன் எஞ்சியோருக்கு இழப்பீடு வழங்க அரசு முன்வந்தது 1990களில்தான்.

அக்காலத்தில் கவுஸ்தாதின் இயக்குநராக இருந்தவர் ஏர்னுல்வ் ஏடகோர். புலம்பெயர்ந்தோர் உளநலம் பற்றிய முன்னோடி ஆய்வும் இவருடையதே என்பது வரலாற்றின் விந்தை. 1932இல் வெளியான அந்நூலில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குடியேறிய நோர்வேஜியரிடையே சிதைவுநோய் எனப்படும் ஸ்கிட்சோஃப்ரீனியா, தாயகத்தில் இருந்தோரை விட ஏறக்குறைய இரு மடங்கு காணப்பட்டதாக அவர் காட்டினார். நோய்க்கு ஆட்படக்கூடியவர்களே புலம்பெயர்கின்றனர் என்பது அவரது விளக்கம். பிற்கால ஆய்வுகள் அதை முழுமையாக ஏற்கவில்லை. குடியேறியோரின் பிள்ளைகளிடமும் ஆபத்து கூடுதலாக இருப்பதை அவை கண்டன. அப்பிள்ளைகள் எங்கும் புலம்பெயராதவர்கள். ஆகவே புறக்கணிப்பு, தனிமை, பாகுபாடு ஆகியவற்றின் பங்கு இன்று பெரிதும் ஆராயப்படுகிறது.

ஆபத்து கூடுதல் என்பதால் எல்லோருக்கும் நோய் வரும் என்பதல்ல; பெரும்பான்மையோருக்கு வருவதில்லை. வருபவரிடம் முதலில் தெரிவது பெரும்பாலும் சிறு மாற்றங்களே: உறக்கம் குலைதல், நண்பரை விலக்குதல், படிப்பில் திடீர்ச் சரிவு, எவரோ தன்னைக் கண்காணிப்பதான ஐயம். இவற்றைப் பேய் என்றும் செய்வினை என்றும் கொண்டு கோயிலுக்கும் ஊருக்கும் அலையும் குடும்பங்கள் உண்டு. கும்பிடுவதில் தவறில்லை, ஆனால் சிகிச்சை பிந்தப் பிந்தக் குணமடைவதும் கடினமாகிறது.

வழி தொலைவில் இல்லை. குடும்ப மருத்துவரிடம் தொடங்கலாம். பாடசாலையின் சுகாதாரத் தாதியை இளையோர் கட்டணமின்றி நாடலாம். பதினாறு வயது நிறைந்தவர் தம் உடல், உள நலம் தொடர்பான முடிவுகளைப் பொதுவாகத் தாமே எடுக்கலாம். மருத்துவர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். தமிழ் பேசும் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் அதை ஏற்பாடு செய்வது மருத்துவமனையின் பொறுப்பு. 2022 முதல் நடைமுறையிலுள்ள சட்டம் பிள்ளைகளை அப்பணிக்குப் பயன்படுத்துவதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. தாயின் துயரை மருத்துவருக்கு எடுத்துச்சொல்லும் சுமை பத்து வயதுச் சிறுமியின் தலையில் விழ வேண்டியதில்லை.

கவுஸ்தாத் இன்று ஒஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையின் ஓர் அங்கம். அதன் பெயரைக் கேட்டவுடன் குரலைத் தாழ்த்தும் வழக்கம் மட்டும் சில வீடுகளில் இன்னும் மாறவில்லை.