மரச்சாமான்களை வண்டும் கரையானும் அரிக்காமல் காப்பது எப்படி?

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பயிரைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி அடிக்கடி பேசுகிறோம். இன்று வயலை விட்டு வீட்டுக்குள் வருகிறேன். சென்ற மாதம் ஒரு விவசாயி என்னிடம், "ஐயா, மரத்தொட்டிலிலிருந்து மாவு மாவாகக் கொட்டுகிறது. பருத்திக்கு அடித்த மருந்து கொஞ்சம் மீதி இருக்கிறது, பூசிவிடட்டுமா?" என்று கேட்டார். நல்ல வேளை, பூசுவதற்கு முன்னால் கேட்டார். குழந்தை வாய் வைத்துக் கடிக்கும் கட்டை அது!

வயலுக்கு வாங்கிய மருந்தைத் தொட்டில், கட்டில், நெல் போட்டு வைக்கும் பத்தாயம் ஆகியவற்றில் ஒருபோதும் பூசக்கூடாது. முன்பு பி.எச்.சி. தூளை வீட்டுக்குள்ளும் தூவியவர்கள் உண்டு. அது எளிதில் அழியாமல் தங்கும் நஞ்சு. 1997ஆம் ஆண்டில் நம் நாட்டில் அது தடை செய்யப்பட்டது.

முதலில் எதிரி யார் என்று பாருங்கள். சுவரிலோ கட்டில் காலிலோ மண் பூசியதுபோல ஓடை தெரிந்தால் அது கரையான். அதற்கு ஈரம் வேண்டும். தரையைச் சாணமிட்டு மெழுகும்போதும் கழுவும்போதும் மரக்கால்கள் நனைகின்றன. கரையானுக்கு அதுவே வசதி. கால்களுக்கு அடியில் கல் துண்டு வையுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள். மண் ஓடையைக் கண்டவுடன் சுரண்டி எடுத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

குண்டூசித் தலையளவு துளைகளும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் அது மரத்தைத் துளைக்கும் வண்டு. மரத்திலுள்ள மாவுச்சத்தே இதன் புழுவுக்கு உணவு. ஆகவே வைரம் பாய்ந்த பகுதியை விட்டு, வெளுத்த பகுதியைத் தின்னும். தேக்கிலும் வெள்ளைப் பகுதி தப்பாது. மாமரம், இலவு, மூங்கில் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூங்கிலை வெட்டியதும் குளத்தில் ஊறப்போடுவார்கள் நம் பெரியவர்கள். மாவுச்சத்து கரைந்து குறையும் என்பதால் அது நல்ல பழக்கமே.

துளையைப் பார்த்தவுடன் பயப்பட வேண்டாம். அது வண்டு வெளியேறிச் சென்ற வாசல். உள்ளே இன்னும் புழு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தூளை நன்றாகத் துடைத்துவிட்டு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, இரண்டு மூன்று வாரம் பாருங்கள். புதிய தூள் விழுந்தால் மட்டுமே மருந்து தேவை.

அதற்கு ஒரு லிட்டர் வெந்நீரில் வெண்காரம் 30 கிராம், போரிக் அமிலம் 20 கிராம் கரைத்துக்கொள்ளுங்கள். பழைய வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தால்தான் கரைசல் மரத்தில் ஊறும். தூரிகையால் இரண்டு மூன்று முறை பூசி, துளைகளிலும் ஊசிக்குழல் கொண்டு செலுத்துங்கள். ஆழத்தில் உள்ள புழு உடனே சாகாது. மறுபடி பூச வேண்டியிருக்கும். நன்றாகக் காய்ந்த பின் வார்னிஷ் அடிக்கவும். கரைசலைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பத்தாயத்தின் உட்புறம் இதுவும் வேண்டாம். காலி செய்து, துடைத்து, நல்ல வெயிலில் திறந்து போட்டால் போதும்.

நம் தச்சர்கள் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை மட்டும் பளபளவென்று வைப்பார்கள். வண்டோ பூச்சில்லாத மரத்தின் நுண்துளைகளில்தான் முட்டையிடும். மேசையின் அடிப்பலகை, பீரோவின் முதுகு, கட்டில் சட்டத்தின் உட்புறம் எல்லாவற்றிலும் வார்னிஷ் அடிக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கூலி சற்றுக் கூடும், கூடட்டும். ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்; தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள்.

கதவு நிலை, மாட்டுக்கொட்டகைக் கால் போன்றவற்றுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம். பண்ருட்டிப் பக்கத்தாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோலில் பட்டால் புண்ணாக்கும்; கையுறை அவசியம்.

அந்தத் தொட்டில் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மூன்று வாரம் செய்தித்தாள் விரித்துப் பார்த்தார்கள், தூளே விழவில்லை. தேன்மெழுகை உருக்கித் துளைகளை அடைத்துவிட்டு, குழந்தையை மறுபடி அதிலேயே போட்டிருக்கிறார்கள்.