தங்கவயல் ஆஸ்பத்திரியின் சாட்சி

மில் சங்கொலியும் பஞ்சுத்தூசியும் பழகிய மண் இந்தத் துடியலூர். அதனால்தான் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப் பகுதியில் நிற்கும் பழைய சுரங்க ஆஸ்பத்திரியைப் பற்றி இங்கே பேசுவது பொருத்தம் என்று நினைக்கிறேன். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. வடார்க்காடு, சேலம் பக்கமிருந்து போன தமிழர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள், 3 கிலோமீட்டருக்கும் கீழே வரை இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 1902-லேயே சிவசமுத்திரம் மின்சாரம் அந்தச் சுரங்கத்துக்கு வந்துவிட்டது. நம் மில்களுக்குப் பைக்காரா மின்சாரம் வந்ததோ 1930-களில்தான்!

"வெள்ளைக்காரன் செய்த தர்மம் அந்த ஆஸ்பத்திரி" என்பார்கள் சிலர். அங்கே வைத்தியம் நடந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் நோய் எங்கிருந்து வந்தது? பாறையைத் துளைக்கும்போது பறக்கும் தூசி மூச்சோடு உள்ளே போய், நுரையீரலில் தங்கி, அதைத் தழும்பாக இறுக்கிவிடும். சிலிகோசிஸ் என்கிற அந்த நோயை எந்த மருந்தும் மாற்றாது. 1940-ல் மைசூர் அரசு இதற்கு நஷ்டஈட்டு விதிகளே கொண்டுவர வேண்டியதாயிற்று. 1947-ல் வெளியான ஆய்வு, பரிசோதித்த தொழிலாளர்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் இந்த நோய் இருந்ததாகச் சொன்னது. மருந்து தந்த கம்பெனிதான் தூசியையும் தந்தது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கட்டடத்தின் வரலாறு முழுமையாகும்.

"2001 பிப்ரவரி 28-ல் சுரங்கமே மூடியாயிற்று, பாழடைந்த சுவர் எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் படுக்கை கிடைக்காமல் நாடு தவித்தபோது, தன்னார்வலர்கள் அந்த ஆஸ்பத்திரிக்குள் புகுந்து, இருபதாண்டுத் தூசியைக் கூட்டித் தள்ளி, சில வாரங்களில் கட்டில் போட்டார்கள். இடித்திருந்தால் எங்கே போட்டிருப்பார்கள்?

"பக்கத்து மாநிலத்துக் கதை நமக்கெதற்கு" என்று கேட்கலாம். பஞ்சுத்தூசியும் நெஞ்சை அடைக்கத்தான் செய்யும். அதற்கும் பிசினோசிஸ் என்று ஒரு பெயர் உண்டு. நம் பக்கத்தில் மூடிய மில்களின் இடத்தில் அடுக்குமாடி எழுகிறது. முதலாளியின் பெயர் கல்வெட்டில் இருக்கும். ரிங் ஸ்பின்னிங்கில் நின்றவர் பெயர் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருக்கும். எல்லாக் கட்டடத்தையும் காப்பாற்ற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். இடிப்பதற்கு முன்னால் அந்த மஸ்டர் ரோலையும் மில் டிஸ்பென்சரியின் நோட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டால், அந்த மூச்சுத்திணறலுக்கு வேறு சாட்சி கிடையாது.